அபினிப் பந்தயமும் ஒப்பந்தச் சட்டமும்

வியாபாரத்தில் வாய்ச்சொல்தான் முதல் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் எந்தச் சொல்லுக்குக் கோர்ட்டு துணை நிற்கும், எதற்கு நிற்காது? இதற்கு விடை தேடிய வழக்குகளில் முக்கியமான ஒன்று, நாம் பிழைக்க வந்த இந்த மும்பையிலேயே எழுந்தது. அடியேன் வக்கீல் அல்ல, தானியக் கடைக்காரன். கல்லாவில் உட்கார்ந்தபடி படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்நாளில் கம்பெனி சர்க்கார் கல்கத்தாவில் அபினியை ஏலம் விட்டு வந்தது. அடுத்த ஏலத்தில் சராசரி விலை என்னவாகும் என்று பம்பாய் வியாபாரிகள் பந்தயம் கட்டினார்கள். ஒரு பெட்டி அபினிகூடக் கைமாற வேண்டாம். வித்தியாசப் பணம் மட்டும் கைமாறும். தகராறு வந்து, ராம்லால் தாக்கூர்சீதாஸ் – சூஜும்னல் தோண்ட்மல் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. பந்தயங்களைச் செல்லாதவையாக்கிய 1845ஆம் வருஷத்து இங்கிலாந்துச் சட்டம் இந்தியாவுக்குப் பொருந்தாது. பழைய பொதுச் சட்டமோ தடுக்கவில்லை. ஆகவே பந்தயப் பணத்துக்கு வழக்குப் போடலாம் என்று 1848இல் கேம்ப்பெல் பிரபு வருத்தத்தோடுதான் தீர்ப்பளித்தார்.

அதே வருஷம் இங்கே 21ஆம் சட்டம் வந்து பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவையாக்கியது. 1865இல் பம்பாய் இன்னும் ஒருபடி மேலே போய், பந்தயத்தை ஒட்டிய துணை ஒப்பந்தங்களுக்கும் தடை போட்டது. பிறகு வந்ததுதான் 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒப்பந்தப் பொருள் நிச்சயமாகத் தெரிய வேண்டும் (பிரிவு 29). ‘நூறு டன் எண்ணெய்’ என்று மட்டும் சொன்னால் செல்லாது. விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்பவரானால் செல்லும். நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் (56). மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருகிற பேச்சு செல்லாது. நோக்கம் சட்டத்துக்கும் பொதுநலனுக்கும் விரோதமாக இருக்கக் கூடாது (23). பந்தயமாகவும் இருக்கக் கூடாது (30).

1959இல் கேருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நுட்பத்தைத் தெளிவாக்கியது. இருவர் கூட்டுச் சேர்ந்து ஹாப்பூர் வியாபாரிகளோடு கோதுமைப் பந்தயம் ஆடி நஷ்டப்பட்டார்கள். ஒருவர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுக் கூட்டாளியிடம் பாதி கேட்டார். பந்தயம் செல்லாதது, ஆனால் சட்டத்தால் தடுக்கப்பட்டதல்ல. ஆகவே கூட்டு ஒப்பந்தம் செல்லும் என்றது தீர்ப்பு. அதே கணக்கு பம்பாயில் எழுந்திருந்தால் 1865ஆம் வருஷத்துச் சட்டம் குறுக்கே நின்றிருக்கும்!

எங்கள் சமண நூல்கள் ஏழு விசனங்களில் சூதை முதலில் வைக்கும். ஒப்பந்தச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ‘உனக்குத் துணை வரமாட்டேன்’ என்பதோடு சரி.

முன்பேர வியாபாரம் எல்லாமே சூதாகிவிடாது. சரக்கைக் கொடுக்கவோ வாங்கவோ இரு தரப்புக்கும் ஆரம்பத்திலிருந்தே எண்ணமில்லை என்றால்தான் அது பந்தயம். ஒருவர் மனத்தில் மட்டும் அப்படி இருந்தால் போதாது. அங்கீகாரம் பெற்ற பங்குச் சந்தையில் வித்தியாசத்துக்கு மட்டும் நடக்கும் பேரங்களுக்கு 1999ஆம் வருஷத்துத் திருத்தம் தனிப் பாதுகாப்பு தந்தது. அந்த நிழல் ‘டப்பா’ வியாபாரத்துக்குக் கிடையாது. அதில் ஜெயித்தவனுக்கும் கோர்ட்டு வாசல் திறக்காது. கடையில் உட்காரும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.