காப்பித் தோட்டமும் வங்கிக் கணக்கும்: இயற்கை இடரும் வங்கி ஒழுங்குமுறையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பருவநிலை மாற்றத்தை வங்கி ஒழுங்குமுறையோடு இணைத்து நோக்குவது அண்மைக்கால வழக்கம் என்பர். எனினும், இயற்கையால் நேர்ந்த அழிவு ஒரு வங்கியை வீழ்த்தி, அரசின் பணக்கொள்கையையே மாற்றிய நிகழ்வு 19ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது. இலங்கைக் காப்பித் தோட்டங்களின் அழிவையும் ஓரியண்டல் வங்கியின் வீழ்ச்சியையும் முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வோம்.

1842இல் பம்பாயில் தோன்றிய இவ்வங்கி, பின்னர் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, 1851இல் அரச பட்டயம் பெற்றது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இதன் பணத்தாள்கள் புழங்கின. நிலத்தை ஈடாகக் கொண்டு கடன் வழங்குவதைப் பிரிட்டிஷ் கருவூலத்தின் 1840ஆம் ஆண்டு விதிகள் பொதுவாகத் தடுத்தன. ஆயினும், வரவிருக்கும் விளைச்சலை நம்பி முன்பணம் வழங்கும் வழக்கத்தால் வங்கியின் பணம் தோட்டங்களைச் சென்றடைந்தது.

1869இல் காப்பி இலைத்துரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. எனினும், விலை உயர்வின் காரணமாக 1870களில் பயிரிடும் பரப்பு பெருகிற்று. கடனும் உடன் பெருகிற்று. கடன் பெற்றோர் அனைவரும் ஒரே பயிரையே நம்பியிருந்தமையால், நோய் முற்றியபோது அனைவரும் ஒருசேர நலிந்தனர். மொரீசியசுக் கரும்புத் தோட்டக் கடன்களும் வங்கியை அழுத்தின. 1884 மே 3ஆம் நாள் வங்கி கதவடைத்தது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அதன் பணத்தாள்களுக்கு அரசே பொறுப்பேற்கும் என அறிவித்தார். அதனைத் தொடர்ந்து, பணத்தாள் வெளியிடும் உரிமையும் அரசின் கைக்கு வந்தது.

இங்கு ஒரு வினா எழுகிறது. பணத்தாள் வைத்திருந்தோர் காக்கப்பட்டனர். தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் நிலை யாது? நொடித்த தோட்டங்களில் அவர்தம் கூலி நிலுவையாய் நின்றது. வங்கியின் கணக்கேட்டில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே அரசின் உறுதிமொழியிலும் இடம் கிட்டவில்லை.

இலைத்துரு பூஞ்சை நோயேயன்றிப் பருவநிலை மாற்றமன்று. ஆயினும் இரண்டுக்கும் ஒப்புமை உண்டு. இடர் ஒரே காலத்தில் பலரைத் தாக்குகிறது. அதன் அறிகுறிகள் பல்லாண்டுகளுக்கு முன்பே தெரிகின்றன. 1869க்கும் 1884க்கும் இடைப்பட்ட 15 ஆண்டுகளில் எவரும் வங்கியைத் தடுத்து நிறுத்தவில்லை என்பது நோக்கத்தக்கது.

இத்தகைய காலதாமதத்தைத்தான் 2015 செப்டம்பரில் இங்கிலாந்து வங்கியின் அன்றைய ஆளுநர் மார்க் கார்னி இலண்டனில் எச்சரித்தார். பருவநிலை மாற்றத்தின் பெருங்கேடு, முடிவெடுப்போரின் பதவிக்காலத்தைக் கடந்து வருவது என்பதே அவர்தம் கருத்து. 2017 டிசம்பரில் எட்டு மத்திய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் பாரிசில் ஒரு கூட்டமைப்பை நிறுவின. சிங்கப்பூர் நாணய ஆணையம் அவற்றுள் ஒன்று. அவ்வாணையம் 2020 டிசம்பரில் வங்கிகளுக்கான சுற்றுச்சூழல் இடர் வழிகாட்டிகளை வெளியிட்டது. பேங்க் நெகாரா மலேசியா 2021 ஏப்ரலில் பொருளாதார நடவடிக்கைகளைப் பருவநிலை நோக்கில் வகைப்படுத்தும் நெறிமுறையை வெளியிட்டது. 2020இல் மேற்குறித்த கூட்டமைப்பில் இணைந்த அமெரிக்க மத்திய வங்கியோ 2025 சனவரியில் விலகிற்று. எனவே, இம்முயற்சி எங்கும் நிலைபெற்றுவிட்டதாகக் கொள்வதற்கில்லை.

2021 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் மலேசியாவைத் தாக்கிய வெள்ளத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. இத்தகு இடரைக் கணக்கிடும் வங்கி, வெள்ளம் சூழும் பகுதிகளுக்குக் கடனை மறுக்கவும் கூடும். அவ்வாறாயின் வங்கி பாதுகாப்புப் பெறும். அப்பகுதியின் சிறுவணிகரும் வீட்டுடைமையாளரும் இடரைத் தனித்துச் சுமப்பர்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், இடரை முன்னறிதல் வங்கி ஒழுங்குமுறையின் முதற்கடமை. அவ்விடர் எவர் தோளுக்கு மாற்றப்படுகிறது எனக் கண்காணித்தல் அதனினும் இன்றியமையாக் கடமை.  கணக்கேட்டில் இடம்பெறாதோரையும் கருத்திற்கொள்ளும் விதியே நிறைவான விதி எனலாம்.