சிற்றுருவமும் வண்ணமும்: வத்திராயிருப்புக் கொலுப்படியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

ஒரு சாண் உயரத்துக்கு உட்பட்ட மண் பொம்மைகளுக்குக் கையால் வண்ணம் தீட்டும் கலையே இக்கட்டுரையின் பொருள். ஆய்வுக் களம் விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், சதுரகிரி அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு. இங்கே அக்ரகாரத் தெருக்களிலும் பிற தெருக்களிலும் புரட்டாசி நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகள் உண்டு. பொம்மைகள் விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் போன்ற ஊர்களிலிருந்து வருபவை. பழுதுபார்ப்பதும் மறுவண்ணம் இடுவதும் மட்டும் உள்ளூரிலேயே நடக்கின்றன. அந்த வேலையைச் சிறுவயதில் தொடங்கியவன் நான், இன்றுவரை விட்டதில்லை. கைப்பழக்கமாக அறிந்தவற்றைக் காரண காரியத்தோடு எழுதிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவ விரும்புவது இது: பொம்மையில் வண்ணம் என்பது அலங்காரம் அன்று. அச்சு முடிக்காமல் விட்ட உருவத்தை முடித்துவைப்பது அதுதான். எந்த முறையில் முடிப்பது என்பதைத் தீர்மானிப்பது, பொம்மைக்கும் பார்ப்பவருக்கும் இடையே உள்ள தூரம்.

2. மண்ணிலிருந்து உருவம்

விளாச்சேரி மதுரைத் திருப்பரங்குன்றத்தை ஒட்டிய ஊர். தமிழறிஞர் பரிதிமாற்கலைஞர் (1870–1903) பிறந்த ஊர் என்று படித்தவர்கள் சொல்வார்கள். கொலு வைப்பவர்களுக்கு அது பொம்மை ஊர். வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் இது. ஆவணி வந்தால் விநாயகர், புரட்டாசிக்குக் கொலு செட், மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் செட் என்று ஒரே கைகள் மூன்று பண்டிகைகளுக்கு உழைக்கின்றன.

கண்மாய் மண்ணை ஊறவைத்து, கல் நீக்கி, மிதித்துப் பதம் வந்ததும் அச்சில் அழுத்துவார்கள். அச்சு பெரும்பாலும் இரண்டு பாதி: முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. இரண்டையும் பொருத்தி, மூட்டுவாயைத் தேய்த்து, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். இந்த இரட்டை அச்சுதான் நம் விவாதத்துக்கு ஆதாரம். அச்சிலிருந்து பொம்மை உடையாமல் கழன்று வரவேண்டுமானால் உள்வாங்கிய பள்ளங்கள் இருக்கக் கூடாது. புடவை மடிப்பு, விரல் இடுக்கு, காதின் உட்குழிவு எல்லாம் ஆழமில்லாத வரிகளாகவே அமைகின்றன. சூளையிலிருந்து வந்ததும் சீமைச் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த வெள்ளை அடிக்கிறார்கள், இப்போது பிரைமர். நிறம் பளிச்சென்று நிற்க இந்த வெள்ளை வேண்டும். ஆனால் மிச்சமிருந்த வரிகளையும் அது பாதி நிரப்பிவிடும். வண்ணக்காரர் கைக்கு வரும்போது பொம்மைக்கு மூக்கு இருக்கும், கண் இருக்காது. புடவை இருக்கும், மடிப்பு இருக்காது.

3. தூரத்தின் கணக்கு

பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு செட்டியார் பொம்மையை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை அடி மனிதரை ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கிய உருவம் அது. மனிதக் கண்ணின் அகலம் மூன்று சென்டிமீட்டர் என்றால் பொம்மையில் அது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு; கருவிழி ஒரு மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவரும் மூன்று மீட்டர் தொலைவில் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காண்பது கடினம். கூடத்தில் பாயில் அமர்ந்து ஏழாம் படியைப் பார்ப்பவருக்கும் அந்தப் படிக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். உடலளவுக்குச் சரியாகக் கண் எழுதினால் செட்டியார் குருடராகத் தெரிவார்.

ஆகவே நம் வண்ணக்காரர்கள் கண்ணைப் பெரிதாக எழுதுகிறார்கள். கொலுப் பொம்மையின் அகன்ற விழியைப் பார்த்து, உடற்கூறு தெரியாமல் எழுதியது என்று ஓவியம் பயின்ற சிலர் குறைசொல்வதுண்டு. அந்தக் குறை நிற்காது. பொம்மையைக் கையில் வைத்துப் பார்ப்பவரின் தீர்ப்பு அது; பொம்மையோ படியில் நிற்பதற்காகப் பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 192 அடி உயரம், பதினொரு நிலை. மேல் நிலையில் நிற்கும் சுதை உருவம் ஒன்றை நேர் எதிரே வைத்துப் பார்த்தால் அதன் விழியும் உதடும் மிகையாகவே படும். தரையில் நிற்பவருக்காகச் செய்தது என்பதால் அப்படி. கொலுப்படியும் கோபுரமும் இந்த விஷயத்தில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

மடிப்புக்கும் இதே வழிதான். மேல்நாட்டுச் சிற்றுருவ வண்ணக்காரர்கள் பள்ளத்தில் நீர்த்த கருநிறத்தை ஓடவிட்டு, மேட்டில் வெளிர் நிறத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சமும் நிழலும் விழுவதுபோல் காட்டுகிறார்கள். அவர்கள் தீட்டும் போர்விளையாட்டு உருவம் 28 மில்லிமீட்டர் உயரம்தான். கண் அரை மில்லிமீட்டர். ஆனால் அதை முகத்துக்கு அருகே, ஒரு முழத்துக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தத் தூரத்தில் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் பிடிபடும். நிழல் அங்கே செல்லுபடியாகும். படியில் நிற்கும் பொம்மைக்கு அதே நிழலை இட்டால் தூரத்திலிருந்து அழுக்குபோல் தெரியும். இதை நானே பலமுறை சோதித்திருக்கிறேன். எனவே நம் மரபு நிழலை விட்டுக் கோட்டைப் பிடித்தது. தட்டையான ஒரே நிறம், அதன் ஓரத்தில் கறுப்புக் கோடு, கரையில் தங்கநிறக் கோடு. மடிப்பு இருக்கிறது என்று கோடு சொல்லும், கண் நம்பிவிடும். சுவரோவியத்திலும் கலம்காரியிலும் உள்ள அதே இலக்கணம்தான் மண்ணுக்கு இறங்கி வந்திருக்கிறது.

முதுகுப்பக்கத்தை ஒரே நிறத்தில் விட்டுவிடுவதையும் சோம்பல் என்று கொள்ள வேண்டாம். படியில் முதுகு தெரியாது. அங்கே மிச்சமாகும் நேரம் முகத்துக்குப் போகிறது.

4. கண் எழுதும் முறை

சிற்பிகள் போலவே பொம்மைக்காரர்களும் கண்ணைக் கடைசியில் வைக்கிறார்கள். தோல்நிறம், ஆடை, நகை, முடி எல்லாம் உலர்ந்த பிறகே கண். நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. முதலில் இரு கண்ணுக்கும் வெள்ளை, மீன்வடிவில். தூய வெள்ளை உறுத்தும். ஒரு சொட்டு மஞ்சள்காவி கலந்தால் அடங்கும். அடுத்து மேல் இமைக் கோடு. இதை ஒரே இழுப்பில் எழுத வேண்டும். இரண்டாம் முறை தொட்டால் கோடு தடித்துத் தூக்கக் கலக்கம் வந்துவிடும். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கக் கண் இயல்பாக வரும், மறுபக்கம் வராது. வராத கண்ணை முதலில் எழுதிவிட்டு, வரும் கண்ணை அதற்கு ஒப்பாகத் திருத்துவது எளிது. பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தும் எழுதலாம். மணிக்கட்டு வளையும் திசைக்குக் கோடு ஒத்துப்போகும்.

பிறகு கருவிழி. அது வட்டமாக முழுதும் தெரிந்தால் பொம்மை திடுக்கிட்டதுபோல் இருக்கும். மேல் இமையில் சற்று மறைந்து, வெள்ளையின் கீழ் ஓரத்தைத் தொட்டு நிற்க வேண்டும். மூக்கோரத்தில் ஊசிமுனையளவு சிவப்பு. கடைசியாகக் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி, இரு கண்ணிலும் ஒரே பக்கம். புள்ளி வைத்த கணத்தில் மண் உங்களைப் பார்க்கிறது. எத்தனை பொம்மை எழுதினாலும் அந்தக் கணத்தின் மகிழ்ச்சி எனக்குக் குறைந்ததில்லை. வாழ்நாள் முழுக்க ஒருவரை இந்த வேலையில் கட்டிவைப்பது அதுதான் என்று நம்புகிறேன்.

பிரஷ் பற்றி ஒரு சொல். முன்பு நுண்கோட்டுக்கு அணில்முடியைத் தேடினார்கள். கீரிமுடி பிரஷ்ஷும் கடைகளில் கிடைத்தது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வணிகம் குற்றம். சாம்பல்நிற மலையணிலுக்கு 1988 இல் சரணாலயம் அமைந்த மலையடிவாரத்தில் வாழ்பவர்கள் நாம். நைலான் சுழி எண் பிரஷ் போதும். நுனி கூராக நிற்கிறது, விலையும் குறைவு.

5. நிறமும் சிவகாசியும்

பழைய நிறப்பொருள்கள் செங்காவி, மஞ்சள்காவி, நீலி, விளக்குக்கரி, ஜாதிலிங்கம், அரிதாரம். பிசின் வேலமரத்திலிருந்தோ புளியங்கொட்டையிலிருந்தோ. கடைசி இரு நிறங்களில் பாதரசமும் ஆர்சனிக்கும் உண்டு. எனாமல் வந்தபோது ஈயம் வந்தது. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பிரஷ் நுனியை உதட்டில் கூராக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை இன்றே விட வேண்டும்.

நிறத்தைவிட முகத்தில் நடந்த மாற்றம் பெரிது. கோவில்பட்டியில் தங்கி ஓவியம் வரைந்த சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் முருகனும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி வீடுதோறும் சென்றார்கள். சிவந்த கன்னம், மெல்லிய புன்னகை, எங்கும் மென்மையாகக் கரையும் நிறம். பொம்மைக்காரர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் தெய்வ முகம் என்றால் அந்த முகம் என்றாகிவிட்டது. பின்னர் ஸ்ப்ரே கன் வந்து கன்னச் சிவப்பை ஒரு நொடி வேலையாக்கியது. காலண்டர் முகம் அழகானதுதான். ஆனால் காலண்டர் சுவரில் கண்மட்டத்தில் தொங்குவது, பொம்மை படியில் நிற்பது. கரைந்த நிறம் தூரத்தில் மங்கிவிடுகிறது. அதனால்தான் புதிய பொம்மைகள் கடையில் கையில் எடுக்கும்போது கவர்கின்றன. கொலுவில் வைத்ததும் முகமற்றுப் போகின்றன. கோடு திரும்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

6. பிற இணைகள்

இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி 1893 இல் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. எச். ஜி. வெல்ஸ் 1913 இல் சிறு சிப்பாய்களை வைத்து ஆடும் போர்விளையாட்டுக்கு விதிநூலே எழுதினார். இன்று உலகெங்கும் பெரியவர்கள் இரவெல்லாம் விழித்துச் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது அந்த மரபின் தொடர்ச்சி. வங்கத்துக் கிருஷ்ணநகர் மண்ணுருவங்கள் வேறு துருவம்: தோல் சுருக்கம்வரை உயிரோட்டமாகக் காட்டுபவை, கண்காட்சிப் பெட்டியில் அருகே நின்று பார்ப்பதற்கானவை. 1851 ஆம் ஆண்டு லண்டன் பொருட்காட்சிக்கே அவை போயின.

நமக்கு மிக நெருங்கியது தெற்கு பிரான்சின் சாந்தோன். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேவாலயங்கள் அடைபட்டபோது மக்கள் வீட்டிலேயே குடில் வைத்தார்கள். மார்செய் நகரத்து ழான் லூயி லாஞெல் (1764–1822) அச்சில் மண்ணுருவம் எடுத்து மலிவாக விற்றார். 1803 முதல் அங்கே சாந்தோன் சந்தை கூடுகிறது. குழந்தை இயேசுவைச் சுற்றி ரொட்டிக்காரர், மீன்காரி, சாணைபிடிப்பவர் என்று ஊரே நிற்கிறது. நம் படியில் தசாவதாரத்துக்குக் கீழே செட்டியாரும் காய்கறிக்காரியும் கல்யாண ஊர்வலமும் நிற்பதற்கு நிகர் இது. இரண்டிடத்திலும் மண், அச்சு, வெள்ளை, தட்டை நிறம். தெய்வத்தின் முன் ஊரை நிறுத்திப் பார்க்கும் ஆசை எந்த ஊருக்கும் பொது போலும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வண்ணம் தேவைப்படாத சிற்றுருவம் ஒன்று இருக்கிறது. ஆண்டாள் இடக்கைக் கிளி. மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடல் என்று தினமும் புதிதாகக் கட்டப்படுவது. இலையின் பச்சையும் பூவின் சிவப்புமே அங்கே வண்ணம். அடுத்த நாள் வேறு கிளி என்பதால் நிறம் மங்கும் கவலை இல்லை. கொலுப் பொம்மைக்கோ ஆண்டில் ஒன்பது நாள் வெளிச்சம், மீதிக் காலம் பரண். அதன் கவலைகள் வேறு.

7. பழைய பொம்மையும் புதிய பூச்சும்

வத்திராயிருப்பு வீடுகளில் பாட்டி காலத்துப் பொம்மைகள் மரப்பெட்டியில், பழைய வேட்டித் துணி சுற்றிக் கிடக்கின்றன. அவற்றுக்குப் பெரும் ஆபத்து உடைவது அன்று. உடைந்ததை ஒட்டலாம். ஆபத்து, நவராத்திரிக்கு முன் அன்பு மிகுதியால் பூசப்படும் எனாமல். பழைய பொம்மையின் நிறம் பசையில் கரைத்த சுண்ணநிறம். வலுவில்லாத, பொடிப்பான அடுக்கு. எனாமல் உலர்ந்து இறுகும்போது அந்த அடுக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு செதில்செதிலாக உதிரும். முதல் வண்ணக்காரர் எழுதிய கண் அத்தோடு போய்விடும். எவராலும் மீட்க முடியாது.

செய்ய வேண்டியது எளிது. மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், பொம்மையின் அடிப்பாகத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள், நிறம் பஞ்சுக்கு வந்தால் அது பசைநிறம், தண்ணீர் ஆகாது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஏறும். வெளுத்த பருத்தித் துணி போதும். நிறம் போன இடத்தில் மட்டும், அதே சாயலில் போஸ்டர் கலரால் தொட்டுவிடுங்கள். மீதியை விட்டுவிடுங்கள். மூக்கு மழுங்கிய லட்சுமிக்கு வெட்கமில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் புரட்டாசிக்கு ஒரு பொம்மை வாங்கினாலும் விளாச்சேரிக்கு நேரில் போய் வாங்குங்கள். கையில் எடுத்துப் பார்த்ததோடு நிற்காமல், பத்தடி தள்ளி வைத்துவிட்டு வந்து பாருங்கள். அங்கிருந்தும் அது உங்களைப் பார்க்கிறது என்றால் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுங்கள். கண் எழுதியவர் யார் என்று கேட்டு, அவரிடமே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.