குற்றாலத்து அறை வாடகை: சாரல் சொல்லும் விலை

குற்றாலத்தில் ஒரு அறைக்கு என்ன வாடகை? ஊர்க்காரர்களிடம் இப்படிக் கேட்டால் நேரான பதில் கிடைக்காது. "எப்ப வர்றீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஜூலை மாதத்துச் சனிக்கிழமைக்கு ஒரு விலை, அதே வாரத்துச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை, மார்ச் மாதத்து வெயிலுக்கு இன்னொரு விலை. வீட்டு அறைகளை இணையத்தில் நாள் வாடகைக்கு விடுபவர்களுக்கு இன்று 'நாளுக்கேற்ற விலை' என்பது ஏதோ அமெரிக்காவில் கண்டுபிடித்த புது வித்தை போலச் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. தென்காசிக்கு மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு அது பழைய சங்கதி. இங்கே புதிதாக வந்திருப்பது விலை மாறுவது அல்ல. அந்த விலையை யார் சொல்கிறார்கள், தண்ணீர் ஏமாற்றிவிட்டால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பவைதான் மாறியிருக்கின்றன.

முதலில் இந்த ஊரின் பருவத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போலக் குற்றாலம் உயரத்தில் இருக்கும் ஊர் அல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர்தான். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கியதும், ஆரியங்காவு கணவாய் வழியாக ஈரக்காற்று இந்தப் பக்கம் வருகிறது. மழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். இங்கே வருவது சாரல் மட்டும். சிற்றாற்றில் தண்ணீர் பெருகிப் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எல்லாவற்றிலும் விழத் தொடங்குகிறது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்கள்தான் சீசன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் வருவதால் இரண்டாவதாக ஒரு சின்ன சீசன் உண்டு.

ஊட்டி சீசன் பள்ளி விடுமுறையோடு வருகிறது. அங்கே விடுதி நடத்துபவர் ஜனவரியிலேயே மே மாத வாடகையை எழுதி வைத்துவிடலாம். குற்றாலத்தில் அது நடக்காது. சாரல் தொடங்கும்போது பள்ளிக்கூடமும் திறந்துவிடுகிறது. எனவே கூட்டம் சனி, ஞாயிறுகளில் வந்து குவியும். அதுவும் தண்ணீர் விழுந்தால்தான். 2023-ல் பருவமழை கேரளத்தைத் தொட்டது ஜூன் 8 அன்று. 2025-லோ மே 24 அன்றே தொட்டுவிட்டது. இரண்டுக்கும் இடையே பதினைந்து நாள் வித்தியாசம்! மூன்று மாத வருமானத்தை வைத்து ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டிய ஒருவருக்குப் பதினைந்து நாள் என்பது சின்ன விஷயமா?

இவ்வளவு சிக்கல் உள்ள ஊரில் தங்குவதற்கு ஆதியில் விலையே இல்லை என்பதுதான் வேடிக்கை. குற்றாலநாதரையும் சித்திர சபையையும் தரிசிக்க வந்தவர்கள் மண்டபங்களிலும் சத்திரங்களிலும் தங்கினார்கள். சத்திரம் என்பது தர்மம். அதற்கு நிலம் எழுதி வைத்தவர் உண்டு, அந்த நிலத்தின் விளைச்சலில் அது நடக்கும். ஆனால் சத்திரத்தில் யார் வேண்டுமானாலும் தங்கிவிட முடியாது. பல சத்திரங்கள் இன்ன சமூகத்தாருக்கு என்றே கட்டப்பட்டவை. பணம் கேட்காத இடத்தில் சாதி கேட்கப்பட்டது. இலவசம் என்றால் எல்லோருக்கும் இலவசம் என்று பழைய காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 'குற்றாலக் குறவஞ்சி' பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்கு நிலம் கொடுத்தார் என்றும், அந்த இடம் 'குறவஞ்சி மேடு' எனப்படுகிறது என்றும் சொல்வார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், ஒரு சுற்றுலாத் தலத்துக்குக் கிடைத்த மிகச் சிறந்த விளம்பரம் அது. (எந்த விடுதிக்காரரும் கவிராயருக்குக் கமிஷன் கொடுத்ததாகத் தெரியவில்லை!)

அடுத்து வந்தது அதிகாரிகளின் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் குற்றாலம் உடம்பைத் தேற்றிக் கொள்ளும் இடமாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஜாதிக்காய், கிராம்பு பயிரிட்டுப் பார்த்த தோட்டங்களும் இங்கே இருந்தன. திருவாங்கூர் மன்னருக்கு இங்கே ஒரு அரண்மனை இருந்தது. மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டாலும், குற்றாலத்து அரண்மனை மட்டும் கேரள அரசின் சொத்தாகவே நிற்கிறது. பங்களாவிலும் அரண்மனையிலும் தங்க வாடகை முக்கியமல்ல, பதவிதான் முக்கியம்.

1903-ல் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டு மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை போனது. 1927-ல் விருதுநகர் - தென்காசிப் பாதை திறந்தது. அதிகாரியும் ஜமீன்தாரும் மட்டும் வந்த ஊருக்குக் குமாஸ்தாவும் வியாபாரியும் குடும்பத்தோடு வரத் தொடங்கினார்கள். இவர்களுக்குப் பங்களா கிடைக்காது; சத்திரம் போதாது. உள்ளூர்க்காரர் வீட்டின் முன்கட்டைக் காலி செய்து கொடுத்தால் காசு வரும் என்ற நிலை இப்படித்தான் உருவானது. பணம் வாங்காமல் விருந்தோம்பியவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் 1954-ல் மறையும் வரை தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில்தான் கழித்தார். ராஜாஜி, கல்கி போன்றவர்கள் எல்லாம் அவருடைய விருந்தினர்கள். கவிதையும் இட்லியும்தான் அந்த வீட்டுக் கணக்கு.

நாள் வாடகை அறைகளுக்கு அரசாங்கம் ஏன் விலை வைக்கவில்லை என்ற கேள்வி இங்கே எழும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே, 1941-ல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-லும் 1960-லும் சட்டங்கள் வந்தன. மாத வாடகைக்குக் குடியிருப்பவருக்கு 'நியாய வாடகை' கேட்கும் உரிமை கிடைத்தது. ஆனால் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் 'கட்டடம்' என்பதற்குத் தந்த விளக்கத்திலேயே ஹோட்டல் அறையையும் போர்டிங் ஹவுஸ் அறையையும் விலக்கி வைத்துவிட்டது. பம்பாயில் அப்படி இல்லை. அங்கே 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ஹோட்டல், லாட்ஜ் கட்டணக் கட்டுப்பாடு இருந்தது. நியாயமான கட்டணத்தை அதிகாரி நிர்ணயிக்க முடிந்தது. வட இந்திய மாகாணங்களுக்காக 1867-லேயே வந்த சராய் சட்டமோ, விலையைக் கட்டுப்படுத்தாமல், கட்டணப் பட்டியலை எல்லோரும் படிக்கும்படி தொங்கவிட வேண்டும் என்றது. இந்த மூன்றில் எது சிறந்தது? விலையைக் கட்டிப் போட்டால் அறை குறைவாகவும் ஆள் அதிகமாகவும் இருக்கும் நாளில் அந்த வேலையை வரிசையோ சிபாரிசுக் கடிதமோ செய்யும். விலையை முழுக்க அவிழ்த்துவிட்டால், இரவு ஒன்பது மணிக்குக் கைக்குழந்தையோடு பேருந்தை விட்டு இறங்குகிறவரிடம் கேட்டதுதான் விலை. பலகையில் எழுதி வை என்று சொன்ன சராய் சட்டம்தான் புத்திசாலித்தனமானது. விலை ஏறட்டும், இறங்கட்டும்; வருகிறவருக்கு முன்பே தெரிந்தால் போதும்.

பலகைக்கு வேறொரு வழியில் மதிப்பு வந்தது. அதுதான் வரி. தமிழ்நாட்டில் 1981-ல் வந்த ஆடம்பர வரிச் சட்டம் விடுதி அறைகளின் கட்டணத்தின் மேல் கை வைத்தது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. அறைக்கு எத்தனை சதவீத வரி என்பது 'அறிவிக்கப்பட்ட கட்டணத்தை' வைத்து முடிவானது. குற்றாலத்தில் இதன் பொருள் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சீசனில் நல்ல கூட்டம் வரும் என்று நம்பி ஒருவர் பலகையில் 2,600 ரூபாய் என்று எழுதியிருக்கிறார். காற்றாடும் காலத்தில் அதே அறையை 900 ரூபாய்க்குக் கொடுக்கிறார். அன்றைய விதிப்படி 2,600 ரூபாய் அறைக்கான 18 சதவீதத்தை அந்த 900 ரூபாய்க்கும் வசூலிக்க வேண்டும். அதாவது 162 ரூபாய். 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு வரியே கிடையாது என்று அதே சட்டம் சொல்லிக் கொண்டிருந்த நேரம் அது! வருடம் முழுவதும் ஒரே விலைக்கு அறை விற்கும் ஊரை மனதில் வைத்துக் கொண்டு எழுதப்பட்ட விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

2018 ஜூலை 27 முதல் இது மாறியது. பலகை விலை அல்ல, உண்மையில் வாங்கிய விலையே கணக்கு என்றார்கள். அதே 900 ரூபாய்க்கு வரி இல்லாமல் போனது. 2022 ஜூலை 18 முதல் 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறிய வீட்டுக்காரர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவே வேண்டாம். ஆனால் அவர் தன் அறையை இணையதளம் வழியாக விற்றால், அந்த வரியை இணையதள நிறுவனம் கட்ட வேண்டும். ஒரே அறை, ஒரே வாடகை. வாசலில் வந்து கேட்பவருக்கு வரி இல்லை, செல்பேசியில் பதிவு செய்பவருக்கு உண்டு. நேரில் வந்தால் குறைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வதற்குக் கமிஷன் மட்டும் காரணமல்ல.

இணையதளங்கள் கொண்டுவந்த கணக்கின் ஊர் ஆகாயம். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, மலிவு விலைக் கம்பெனிகளோடு போட்டி போட அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. முன்கூட்டியே வாங்குபவருக்குக் குறைந்த விலை, கடைசி நேரத்தில் வருபவருக்கு முழு விலை. பறந்து போன விமானத்தின் காலி இருக்கையைப் போல, விடிந்து போன இரவின் காலி அறையையும் திரும்ப விற்க முடியாது என்பதால் பெரிய ஹோட்டல்கள் இதைப் பிடித்துக் கொண்டன. 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டுக்காக ஹோட்டல்கள் எல்லாம் நிறைந்து போனபோது, இரண்டு இளைஞர்கள் தங்கள் வீட்டில் காற்று மெத்தை போட்டு மூன்று பேருக்கு வாடகைக்கு விட்டார்கள். ஏர்பிஎன்பி பிறந்த கதை இது. குற்றாலத்துக்காரருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆடி அமாவாசைக்குக் கூடத்தில் பாய் விரித்துக் கொடுத்தவர்கள்தானே!

2015-ல் அந்த நிறுவனம் விலையைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதியைக் கொண்டு வந்தது. அறைகளை எத்தனை பேர் தேடுகிறார்கள், எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துக் கணினி விலை சொல்லும். இங்கேதான் குற்றாலத்துச் சிக்கல் முளைக்கிறது. 'ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது' என்று செய்தி வந்ததும் ஜனம் கிளம்புகிறது. தண்ணீர் அதிகமானால் விலையும் அதிகமாகிறது. ஆனால் ஒரு அளவுக்கு மேல் போனால் பேரருவியின் பாதுகாப்பு வளைவையே தண்ணீர் மூடிவிடும். குளிக்கத் தடை வந்துவிடும். ஏறிக்கொண்டே போன தேவை ஒரு மணி நேரத்தில் பூஜ்யமாகிறது. விமான இருக்கைக்கு இப்படி ஒரு குணம் கிடையாது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அருவிகள் மூடப்பட்டன. அதற்கு முன் கொரோனாவால் 2020-லும் 2021-லும் சீசன் மாதங்கள் முழுவதும் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. இப்படிப்பட்ட நாட்களில் முன்பணம் என்ன ஆகும்? வந்தவர் கேட்பது: அருவியில் குளிக்கத்தானே வந்தோம், அருவியே இல்லையென்றால் அறை எதற்கு? வீட்டுக்காரர் கேட்பது: அறை தயாராகத்தானே இருக்கிறது, அருவியைப் பூட்டியது நானா? இரண்டுமே நியாயம்தான். பழைய முறையில் தகராறு வாசலிலேயே தீர்ந்துவிடும். பாதியைத் திருப்பிக் கொடுப்பார், அல்லது அடுத்த வாரம் வாருங்கள் என்பார். செயலியில் பேச ஆள் இல்லை. அங்கே விதி மட்டும் இருக்கிறது. அந்த விதியைப் பதிவு செய்யும்போது யாரும் படிப்பதில்லை.

இதற்குச் சட்டம் கொஞ்சம் வழி செய்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவுகளைத் தனித்தனியாகவும் காட்ட வேண்டும். 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிகள், முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் நேரத்தில் துளித்துளியாக ஏற்றுவதை நேர்மையற்ற வணிக முறை என்று அறிவித்தன. நிறுவனம் தானாக ரத்து செய்யும்போது தனக்கும் அதே அபராதம் உண்டு என்று ஏற்காதவரை, வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக்கூடாது என்றும் 2020 விதிகளில் இருக்கிறது.

தனிக் கட்டணம் எல்லாமே ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் கொண்டு அருவிக்குப் போவது வழக்கம். எண்ணெய்த் தலையோடு பத்துப் பேர் படுத்தெழுந்த தலையணை உறையைத் துவைத்துப் பார்த்தவருக்குத் தெரியும், சுத்தம் செய்யும் கட்டணம் எவ்வளவு நியாயமானது என்று. இரண்டு பேர் தங்கும் அறை என்று பதிவு செய்துவிட்டு ஆறு பேராக வந்து இறங்குவதும் உண்டு. கூடுதல் பாய்க்குக் கூடுதல் காசு என்பது அங்கே பிறந்த விதி. அதையும் வாடகையோடு சேர்த்து முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் சண்டை பாதி குறையும்.

விவரம் தெரிந்த வீட்டுக்காரர்கள் இப்போது தங்கள் சீசன் வாடகையை ஜூன் 1 என்ற தேதியோடு கட்டுவதில்லை. ஒரு நடுத்தர விலையை வைத்துக் கொள்கிறார்கள். தண்ணீர் விழத் தொடங்கியதும் சனி, ஞாயிறுக்கு மட்டும் ஏற்றுகிறார்கள். குளிக்கத் தடை வந்தால் வேறு தேதிக்கு மாற்றித் தருவதாக முன்பே சொல்லிவிடுகிறார்கள். பதிவு செய்யத் தொலைபேசியில் கூப்பிடுபவர் முதலில் கேட்பது வாடகையை அல்ல. "தண்ணி எப்படி விழுது?" என்றுதான் கேட்கிறார். கூட்டம் குறைந்த வாரத்திலும் அதற்கு உண்மையான பதிலைச் சொல்கிறவருக்கு, அடுத்த வருடமும் அதே எண்ணிலிருந்து அழைப்பு வருகிறது.