வானவெளியில் வழிவிடுவோர் யார்?

கொச்சியில் குடியேறிய நம் நேயர்கள் வில்லிங்டன் தீவைப் பன்முறை கண்டிருப்பர். மட்டாஞ்சேரிக்கும் அதற்கும் இடையே கிடப்பது ஒரு நீர்வழிதான். அத்தீவின் பெரும்பகுதியோ இயற்கை தந்ததன்று. 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் இங்கு வந்தபோது, துறைமுக வாயிலை மணல்திட்டு மறித்துக் கிடந்தது. பெருங்கப்பல்கள் புறக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. திட்டை வெட்டி வழி சமைத்தனர். தூர்வாரிய மண்ணைக் காயலில் கொட்டி நிலம் எழுப்பினர். 1928 மே மாதத்தில் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்துறைமுகத்தை அடைந்தது.

வழி இருந்தால் மட்டும் போதுமா? மோதாதிருக்க ஒழுங்கும் வேண்டும். பெருங்கப்பல் எதுவும் தானாக உட்புகுவதில்லை; வழியறிந்த பைலட் ஏறிய பின்னரே நுழையும். விரிகடலுக்கும் விதியுண்டு. நேர் எதிரே வரும் இரு இயந்திரக் கப்பல்களும் தத்தம் வலப்புறம் ஒதுங்க வேண்டும் என்பது 1972-ல் நாடுகள் உடன்பட்ட விதிகளுள் ஒன்று. இத்தகைய ஒழுங்கு வானவெளிக்கு உண்டா என்பதே நம் கேள்வி.

1957-ல் சோவியத் நாடு முதல் செயற்கைக்கோளை ஏவியபோது அங்கே நெரிசல் இல்லை. இன்றோ இயங்கும் கோள்களே பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை. செயலிழந்தவையும் சிதறல்களும் வேறு. பூமிக்கு அண்மையில் சுற்றுபவை நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் விரைகின்றன. அவ்வேகத்தில் சிறு திருகாணியும் துப்பாக்கிக் குண்டினும் கொடியது. 2009 பிப்ரவரி 10-ல் இரிடியம் 33 என்ற அமெரிக்கக் கோளும், காஸ்மாஸ் 2251 என்ற ரஷ்யக் கோளும் சைபீரியாவுக்கு மேலே, ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதின. பின்னது முன்னரே செயலற்றது. அதை ஒதுங்கச் செய்ய எவராலும் இயலாது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் கண்டறியப்பட்டன. உடைந்த கப்பல் கடலடியில் அமிழ்ந்துவிடும்; உடைந்த கோளோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

நாமும் இதில் குற்றமற்றவர் அல்லோம். 2001 டிசம்பரில் நம் பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தின் மேலடுக்கு விண்ணில் வெடித்து, முந்நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாயிற்று. பின்னர் நம்மவர் விழிப்புற்றனர். 2022-ல் பெங்களூரில் இதற்கெனவே ஒரு நிலையம் தொடங்கப்பெற்றது. 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 புறப்படுவதையே, ஒரு சிதறலை விலக்கும்பொருட்டு நான்கு நொடி தாமதித்தனர். நான்கு நொடிதானே என்று நாம் எண்ணலாம். அதற்குள் முப்பது கிலோமீட்டர் கடந்துவிடும்.

வானவெளிக்கும் 1972-ல் ஓர் உடன்படிக்கை பிறந்தது. சேதம் நேர்ந்தால் யார் ஈடு தருவது என்பதை அது கூறும். விண்ணில் நேரும் மோதலுக்கு, பிழை செய்த நாடே பொறுப்பு என்கிறது. வழிவிட வேண்டியவர் யாரென வகுக்காதபோது பிழை யாருடையது எனத் துணிவது எங்ஙனம்? 2021 அக்டோபரில், சந்திரனைச் சுற்றிவந்த நம் சந்திரயான்-2 கலமும் அமெரிக்கக் கலம் ஒன்றும் அதன் வடமுனை அருகே மிக நெருங்கவிருந்தன. இரு நாட்டு நிலையத்தாரும் ஒருவரோடொருவர் கலந்து பேசினர். அம்முறை ஒதுங்கியது நம் கலம்.