பெரிதாகிவந்த பழுது: புனேயில் வீட்டு மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்த்தலின் வரலாறு

முன்னுரை

வீட்டு மின்னணுச் சாதனங்களின் வரலாற்றை எழுதுவோர் ஆலை தொடங்கிய ஆண்டையும் ஒலிபரப்பு தொடங்கிய நாளையும் தவறாமல் குறிப்பார்கள். விற்றுப்போன செட்டை அடுத்த இருபது ஆண்டுகள் ஓடவைத்தவர்கள் அந்த வரலாற்றில் அதிகம் இடம்பெறுவதில்லை. இக்குறையை ஈடுசெய்யப் புனே பொருத்தமான களம். ரேடியோ தயாரித்த ஆலை, உதிரிபாகம் விற்ற கடைத்தெரு, பழைய செட்டுகள் கைமாறும் சந்தை மூன்றும் இந்நகரத்தை ஒட்டியே அமைந்தன. பழுதுபார்க்கும் தொழில் சுருங்கியதற்கு மெக்கானிக்கின் கைத்திறன் மங்கியதே காரணம் என்பது பொதுவான பேச்சு. ஒரு பழுதுக்காகக் கழற்றி மாற்றவேண்டிய பாகம் தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகிவந்ததுதான் முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

வால்வு ரேடியோவின் காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1930இல் கல்கத்தாவில் கால்பதித்தது. 1948இல் அங்கேயே ரேடியோ தயாரிப்பைத் தொடங்கியது. அதன் இரண்டாவது ரேடியோ ஆலை 1959இல் புனே அருகே அமைந்தது. புனே வானொலி நிலையம் 1953 அக்டோபர் 2 முதலே ஒலிபரப்பில் இருந்தது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வால்வு தயாரிப்பில் இறங்கியது. 1965 ஏப்ரல் 3 அன்று பிலிப்ஸின் பத்து லட்சமாவது இந்திய ரேடியோ தயாரானது. கோவையின் யூ.எம்.எஸ். ரேடியோவை அறிந்த தமிழ் வாசகருக்கு இச்சூழல் புதிதாக இருக்காது.

ஏசி, டிசி இரண்டிலும் ஓடிய செட்டுகளின் அமைப்பைப் பார்த்தால் அக்காலப் பழுதின் தன்மை விளங்கும். யூசிஎச்81, யூபிஎஃப்89, யூசிஎல்82, யூஒய்85 என்ற நான்கு வால்வுகளின் ஹீட்டர்களும் தொடர் இணைப்பில் இருக்கும். அவற்றுக்கு முறையே 19, 19, 50, 38 என மொத்தம் 126 வோல்ட் போதும். 230 வோல்ட் மின்சாரத்தில் மிஞ்சும் 104 வோல்ட்டைச் சுமார் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வெப்பமாக்கித் தீர்க்கும். ஒரு ஹீட்டர் அறுந்தாலும் நான்கும் அணைந்துவிடும். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு வால்வின் ஹீட்டர் ஊசிகளையும் தொட்டால் அறுந்தது எது என்று தெரிந்துவிடும். அதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. ஈயம் வைக்கும் வேலைகூட இல்லை. ஆனால் இந்தவகைச் செட்டில் மின்கம்பியின் ஒரு முனை நேரே சேஸிஸுக்குப் போகும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுவதும் கரண்ட் பாயும் என்பதால் முதலில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

மழைக்காலத்தின் வேலை வேறு. மெழுகுக் காகித கண்டன்சர்கள் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். அவுட்புட் வால்வுக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் கசிந்தால் வால்வு அளவுக்குமீறிச் சூடாகி, கவனிக்காவிட்டால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரையே எரித்துவிடும். மாற்றவேண்டியதோ விரல்நுனி அளவுப் பாகம். பல செட்டுகளின் பின்மூடிக்குள் சர்க்யூட் படமோ வால்வுகளின் இருப்பிடப் படமோ ஒட்டப்பட்டிருந்தது. ஆகவே பாகம், படம் இரண்டும் மெக்கானிக்குக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தன.

டிரான்சிஸ்டரும் தொலைக்காட்சியும்

பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962இல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் தயாரிக்கத் தொடங்கியதும் பழுதின் இடம் மாறியது. செருகிக் கழற்றும் வால்வு போய், பற்றவைத்த பாகம் வந்தது. ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது. ஈயம் வைக்கும்போது டிரான்சிஸ்டரின் காலைக் குறட்டால் கவ்விப் பிடித்து வெப்பத்தை அதில் வடியவிட வேண்டியிருந்தது. 1970இல் பிம்ப்ரியில் பிலிப்ஸின் புதிய ஆலை வந்தது. 1972 அக்டோபர் 2 அன்று பம்பாய்த் தொலைக்காட்சி தொடங்கியது. அதைச் சிங்ககட் மலைமேல் நின்ற கோபுரம் புனேக்கு அஞ்சல் செய்தது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது.

தொலைக்காட்சியில் பழுது தன்னைத் தானே வரைந்து காட்டும். திரையின் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் செங்குத்து விலக்கப் பகுதி செத்திருக்கிறது. ஒலி இருந்து வெளிச்சமே இல்லாவிட்டால் உயர் அழுத்தப் பகுதியைப் பார்க்க வேண்டும். வண்ணப் பிக்சர் டியூபில் சுமார் 25,000 வோல்ட் தேங்கியிருக்கும் என்பதால் அதை வடித்த பிறகே கைவைப்பார்கள். இந்த அறிவு இரண்டு வழியில் பரவியது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் ஐ.டி.ஐ.க்கள் ரேடியோ–டிவி மெக்கானிக் பிரிவை நடத்தின. கடைகளில் எடுபிடியாகச் சேர்ந்து கற்றவர்கள் இன்னொரு பக்கம். பாகத்துக்குப் புதவார் பேட்டையின் தாப்கீர் சந்து இருந்தது. புதிதாகக் கிடைக்காததை ஞாயிறும் புதனும் கூடும் ஜூனா பஜாரில் பழைய செட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். சென்னையின் ரிச்சி தெருவும் மூர் மார்க்கெட்டும் சேர்ந்து செய்த வேலை இது.

பேனலும் போர்டும்

பிம்ப்ரி ஆலை 2006இல் மூடப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் தட்டைத்திரை டிவிகள் வீடுகளுக்குள் வந்தன. இவற்றில் அடிக்கடி வரும் பழுது ஒன்று, வால்வுக் காலத்துப் பழுதையே ஒத்தது. ஒலி கேட்கும், திரை இருண்டிருக்கும். டார்ச் விளக்கைத் திரையின்மேல் சாய்த்து அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். படம் உருவாகிறது, பின்னிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை என்பது இதன் பொருள். எல்இடி பேக்லைட் உள்ள செட்டுகளில் எல்இடிகளும் தொடர் இணைப்பில்தான் இருக்கின்றன; ஒன்று அறுந்தால் அந்த வரிசை முழுவதும் அணைகிறது.

மின்னியல் நோக்கில் இரண்டும் ஒரே பழுது. ஆனால் அன்று பின்மூடியைக் கழற்றினால் வால்வு கைக்கு வந்தது. இன்று கண்ணாடிப் பேனலைத் தூக்கி, ஒளியைப் பரவச்செய்யும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்த பிறகே எல்இடியைத் தொட முடியும். இடையில் பேனலில் கீறல் விழுந்தாலோ விரிசல் விட்டாலோ செட்டே போயிற்று. அந்த அபாயத்தைக் கணக்கிடும் கடைக்காரர் எல்இடி பட்டை முழுவதையும் மாற்றச் சொல்கிறார். சர்வீஸ் சென்டர் போர்டையோ பேனலையோ மாற்றச் சொல்கிறது. செலவு புது செட்டின் விலையை நெருங்கும்போது வாடிக்கையாளர் புதியதை வாங்கிவிடுகிறார். மெக்கானிக்கின் அறிவு இங்கே தோற்கவில்லை; அதைப் பயன்படுத்த வடிவமைப்பு இடம்தரவில்லை.

கழிவும் சட்டமும்

2008 முதல் புனே மாநகராட்சியுடன் இணைந்து இயங்கும் ஸ்வச் கூட்டுறவின் கழிவு சேகரிப்பாளர்கள் பழுதுபார்க்காமல் செட்டை வீசும் இந்த மாற்றத்தின் மறுமுனையில் நிற்கிறார்கள். மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தன. கழிவுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கின. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள புதிய விதிகள், சாதனத்தைச் சீரமைத்து ஆயுளை நீட்டினால் மறுசுழற்சிக் கடமையைத் தள்ளிப்போட அனுமதிக்கின்றன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. சாதனத்தைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் இடும் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அறிக்கை 2025 மே மாதம் அளிக்கப்பட்டது. பிரித்தெடுக்கும் எளிமை, உதிரிபாகம், தகவல் ஆகியவை அதன் அளவுகோல்களில் அடங்கும். ஆனால் முதற்கட்டத்தில் அது கைப்பேசியையும் டேப்லெட்டையுமே கருதுகிறது. டிவிக்கும் ஆம்பிளிஃபயருக்கும் இன்னும் முறை வரவில்லை.

முடிவுரை

புனேயின் வரலாற்றிலிருந்து பழுதுபார்ப்புக் குறியீட்டுக்கு இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒரு பழுதுக்காக மாற்றக்கூடிய மிகச்சிறிய பாகம் எது, அதன் விலை முழுச் சாதனத்தின் விலையில் எத்தனை பங்கு என்பது முதலாவது. உற்பத்தி நின்ற மாடலின் சர்க்யூட் படம் பொதுவில் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. வால்வு ரேடியோ இரண்டிலும் தேறியது. பேக்லைட் டிவி இரண்டிலும் தவறுகிறது. மதிப்பெண்ணை வடிவமைப்பு மேசையில் போடாமல் சர்வீஸ் சென்டரின் நடத்தைக்கு மட்டும் போட்டால், இந்தச் சட்டங்களால் தாப்கீர் சந்துக்கு ஒரு பயனும் இல்லை.