ஒரு மசோதாவிலிருந்து ஹேக் நகரம் வரை: கார்ல் ஹட்சன்-பிலிப்ஸ்

வெனிசுவேலாவின் கரையை ஒட்டிக் கிடக்கும் டிரினிடாட்-டொபேகோ 1962இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, அதன் அரசியலில் முன்வரிசையில் நின்றவர்களில் பலர் லண்டனில் சட்டம் முடித்துத் திரும்பிய பாரிஸ்டர்களாக இருந்தனர். 1933இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1959இல் வழக்கறிஞரான கார்ல் ஹட்சன்-பிலிப்ஸ் அந்த வரிசையைச் சேர்ந்தவர். பிரதமர் எரிக் வில்லியம்ஸின் மக்கள் தேசிய இயக்கத்தின் சார்பில் 1966இல் நாடாளுமன்றம் சென்ற அவர், 1969இல் அட்டர்னி ஜெனரல் ஆனார். இந்தியாவில் அப்பதவி அரசின் தலைமை வழக்கறிஞருக்கு உரியது. டிரினிடாடிலோ அதை வகிப்பவர் அமைச்சரவை உறுப்பினரும் ஆவார் என்பதால், அரசின் சட்ட ஆலோசகர், சட்டமியற்றுபவர் என்னும் இரு பாத்திரங்களும் அவர்மேல் ஒருசேர விழுந்தன.

அவ்விரு பாத்திரங்களின் சுமையும் 1970இல் தெரிந்தது. விடுதலை வந்தும் வங்கிகளும் சர்க்கரை ஆலைகளும் அந்நியர் கையிலேயே இருந்ததை எதிர்த்து, கறுப்பர் அதிகார இயக்கம் அவ்வாண்டு பிப்ரவரி முதல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டியது. ஏப்ரல் 21 அன்று அரசு அவசரநிலையைப் பிறப்பித்தபோது, டெட்டரான் முகாமில் இருந்த ராணுவத்தினரில் ஒரு பகுதியினர் கலகம் செய்தனர். இதே நெருக்கடியில் மூத்த அமைச்சரான ஏ.என்.ஆர். ராபின்சன் அமைச்சரவையை விட்டு விலகினார். கலகம் அடங்கிய பின், ஊர்வலங்களையும் பொதுக்கூட்டங்களையும் காவல்துறையின் அனுமதிக்குக் கட்டுப்படுத்தி, அரசின் அதிகாரங்களை வெகுவாக விரித்த பொது ஒழுங்கு மசோதாவை ஹட்சன்-பிலிப்ஸ் முன்வைத்தார். தொழிற்சங்கங்கள் முதல் வழக்கறிஞர்கள் வரை பல தரப்பினரும் எதிர்த்ததால் செப்டம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. எனினும் அதன் கூறுகள் சில, பின்னாளில் வேறு சட்டத் திருத்தங்களின் வழியே சத்தமின்றி நுழைந்துவிட்டன. நாட்டின் நினைவில் அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது நிறைவேறாத இந்த மசோதாதான்.

1973இல் வில்லியம்ஸ் ஓய்வுபெறப் போவதாக அறிவித்ததும், கட்சிக் கிளைகளில் மிகப் பெரும்பாலானவை ஹட்சன்-பிலிப்ஸை அடுத்த தலைவராக முன்மொழிந்தன. ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் வில்லியம்ஸ் மனம் மாறித் தலைமைக்குத் திரும்பியதால், வாரிசாகக் கருதப்பட்டவர் ஓரங்கட்டப்பட்டார். 1976 தேர்தலில் வேட்பாளர்கள் தேதியிடாத ராஜினாமாக் கடிதத்தில் முன்கூட்டியே கையெழுத்திட வேண்டும் என்று தலைமை நிபந்தனை விதித்தது. உறுப்பினரின் பதவியைத் தலைவரின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டும் இந்த ஏற்பாட்டுக்கு உடன்பட மறுத்து அவர் விலகிக்கொண்டார்.

1980இல் அவர் தொடங்கிய தேசிய மறுசீரமைப்பு அமைப்பு என்னும் கட்சி, 1981 நவம்பர் தேர்தலில் ஏறத்தாழ 22 விழுக்காடு வாக்குகளைப் பெற்றும் 36 தொகுதிகளில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. அதைவிடக் குறைந்த வாக்குகளே பெற்ற ஐக்கிய தொழிலாளர் முன்னணிக்கு, அதன் ஆதரவாளர்களான இந்திய வம்சாவளியினர் கரும்பு விளையும் பகுதிகளில் செறிந்து வாழ்ந்ததால், எட்டு இடங்கள் கிடைத்தன. தொகுதியில் முதலிடம் பெறுபவரே வெற்றியாளர் என்னும் முறையில், நாடெங்கும் பரவிக் கிடக்கும் ஆதரவுக்கு மதிப்பில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் தேர்தல்கள் அரிது. எதிர்க்கட்சிகள் பின்னர் ஒன்றிணைந்து 1986இல் ஆட்சியைப் பிடித்தபோது பிரதமரானவர் ராபின்சன்.

அப்போது ஹட்சன்-பிலிப்ஸ் நீதிமன்றத்தில் இருந்தார். 1983 அக்டோபரில் கிரெனடா பிரதமர் மாரிஸ் பிஷப்பும் அவருடைய தோழர்களும் கொல்லப்பட்ட வழக்கில் அவரே அரசுத் தரப்பின் தலைமை வழக்கறிஞர். அந்த நீதிமன்றத்தின் சட்டத் தகுதியையே ஏற்க மறுத்த குற்றம் சாட்டப்பட்டவர்கள் விசாரணையில் பங்கேற்கவில்லை. 1986 டிசம்பரில் 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, 1991இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

பிரதமராக இருந்த ராபின்சன் 1989இல் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு கோரிக்கையை எழுப்பினார்: போதைப்பொருள் கடத்தும் பன்னாட்டுக் கும்பல்களைத் தண்டிக்கும் வலிமை சிறிய நாடுகளுக்கு இல்லாததால், அதற்கென்று பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று வேண்டும். பனிப்போர்க் காலத்தில் கிடப்பில் போடப்பட்டிருந்த பழைய யோசனைக்கு இது மீண்டும் உயிரூட்ட, 1998இல் ரோம் உடன்படிக்கை உருவாயிற்று. இனப்படுகொலையும் போர்க்குற்றங்களும் அதில் இடம்பெற்றன. கோரிக்கைக்குக் காரணமான போதைக் கடத்தல் இடம்பெறவில்லை. ஹேக் நகரில் அமைந்த அந்தப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு 2003இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் 18 நீதிபதிகளுள் ஹட்சன்-பிலிப்ஸும் ஒருவர். அதாவது, 1970இல் அமைச்சரவையை விட்டு வெளியேறியவர் போட்ட விதையில் முளைத்த நீதிமன்றத்தில், அதே அமைச்சரவையில் தங்கி மசோதா கொண்டுவந்தவர் நீதிபதியானார். அங்கும் காத்திருப்பே மிஞ்சியது: அவர் 2007இல் பதவி விலகினார், நீதிமன்றத்தின் முதல் வழக்கு விசாரணை 2009 ஜனவரியில்தான் தொடங்கியது.

2010 மே 31 அன்று காசாவுக்கு நிவாரணப் பொருள்களுடன் சென்ற கப்பல்களை இஸ்ரேலியப் படையினர் தாக்கியதில் ஒன்பது பேர் இறந்தனர். இதை ஆராய ஐ.நா. மனித உரிமைப் பேரவை அமைத்த மூவர் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த குழு, படையினர் தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பயன்படுத்தினர் என்றும், காசா முற்றுகையே சட்டவிரோதமானது என்றும் செப்டம்பரில் அறிக்கை அளித்தது. ஒத்துழைக்க மறுத்த இஸ்ரேல், அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று நிராகரித்தது. தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அக்குழுவுக்கு இல்லை. ஹட்சன்-பிலிப்ஸ் 2014 ஜனவரியில் லண்டனில் காலமானார்.