பிளாக் – துப்பாக்கிகளின் கச்சேரி

2006 பிப்ரவரியில் வந்த ஒரு கேமைப் பத்தி இப்ப எதுக்கு இவ்ளோ நீளமா எழுதணும்னு சில பேர் கேப்பீங்க. அந்தக் காலத்துல பிஎஸ்2 வெச்சிருந்தவங்க கேக்க மாட்டாங்க. "பிளாக்"னு பேர் சொன்னதுமே அவங்க காதுல டமடமன்னு சத்தம் ஆரம்பிச்சிருக்கும் :-)

முதல்ல கொஞ்சம் பழைய கதை. ஹீரோ முகம் தெரியாம, அவன் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியற ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர் வகை வளர்ந்தது கம்ப்யூட்டர்ல. 1993ல வந்த டூம் அதைப் பரப்பிச்சு. அப்புறம் வந்த கேம்கள்ல மவுஸை நகர்த்தினா பார்வை திரும்பும், அவ்ளோ சுலபம். டிவி முன்னால உக்காந்து ஆடற கன்சோல்ல ஏது மவுஸ்? ரெண்டு கட்டைவிரலை வெச்சுக்கிட்டுதான் எல்லாம் செய்யணும். 1997ல நின்டெண்டோ 64-க்கு ரேர் கம்பெனி செஞ்ச கோல்டன்ஐ 007 கன்சோல்லயும் இது முடியும்னு காட்டிச்சு. டிவியை நாலா பிரிச்சு நாலு பேர் சுட்டுக்கலாம். 2000ல ப்ளேஸ்டேஷனுக்கு வந்த ஏலியன் ரெசரெக்‌ஷன்ல இடது குச்சி நடக்க, வலது குச்சி பார்க்க. இது மனுஷன் ஆடற முறையான்னு அப்ப திட்டு வாங்கின சங்கதி. அடுத்த வருஷம் நவம்பர்ல ஹேலோ அதே முறையோட வந்து, குறி தானா எதிரி மேல கொஞ்சம் ஒட்டிக்கிற மாதிரி உதவியும் செஞ்சுது. அதுக்கப்புறம் எல்லாரும் அதே வழிதான்.

ஆனா ஹேலோ ஆட எக்ஸ்பாக்ஸ் வேணும். நம்ம பக்கம் கண்ணுல பட்டதெல்லாம் பிஎஸ்2. அந்தக் கூட்டத்துக்குக் கிடைச்ச பெரிய விருந்துதான் பிளாக். (பழைய எக்ஸ்பாக்ஸுக்கும் வந்தது, அது வேற கதை.)

செஞ்சவங்க இங்கிலாந்து கில்ட்ஃபோர்டுல இருக்கற கிரைட்டீரியன். கார்களை மோதி நொறுக்கற பர்ன்அவுட் கேம் அவங்களோடது. 2004லயே ஈஏ கம்பெனி அவங்களை வாங்கிடுச்சு. நொறுக்கற புத்தி எங்க போகும்? சுவர் பெயரும், கண்ணாடி சிதறும், பீப்பாய் வெடிக்கும், எதிரி நிக்கற மேடையே இடிஞ்சு விழும். வெறும் 32 எம்பி மெமரி இருக்கற மெஷின்ல இதைச் செஞ்சாங்கன்னா இன்னைக்கும் ஆச்சரியம்தான். ரீலோட் பண்ணும்போது துப்பாக்கி மட்டும் தெளிவா தெரியும், சுத்தி இருக்கறதெல்லாம் மங்கிடும். சினிமா கேமரா மாதிரி.

எல்லாத்தையும் விட சத்தம். மத்த கேம்கள்ல பத்து பேர் ஒரே ஏகே-47ஐ சுட்டா ஒரே சத்தம் பத்து தடவை கேக்கும், அவ்ளோதான். இங்க எதிரிகளுக்கு ஆளுக்கொரு குரல் கொடுத்தாங்க. ஒண்ணு கீழ் ஸ்தாயி, ஒண்ணு நடு, ஒண்ணு மேல். கோரஸ் பாடறவங்களைப் பிரிக்கிற மாதிரி. மூணும் சேர்ந்து சுட்டா நிஜமாவே கச்சேரி! இசையில மைக்கேல் ஜியாக்கினோவும் கிறிஸ் டில்டனும். ஆனா அந்தத் துப்பாக்கிகளுக்கு நடுவுல யாருக்கு பின்னணி இசை ஞாபகம் இருக்கும்?

சரி, கடுப்புக்கு வருவோம். மொத்தமே எட்டு மிஷன். எதிரி லேசுல சாக மாட்டான், முகமூடி போட்ட ஷாட்கன் ஆசாமி மேல ஒரு மேகசின் காலி பண்ணினாலும் நடந்தே வருவான். செக்பாயின்ட் எல்லாம் ரொம்ப தூரம் தூரமா வெச்சிருப்பாங்க. இருபது நிமிஷம் ஊர்ந்து ஊர்ந்து வந்து கடைசி மூலையில செத்தா திரும்ப முதல்லேர்ந்து. மரக்காணம் உப்பளத்துல வாரி எடுக்கற நேரத்துல கோடை மழை பிடிச்சா எப்படி இருக்கும்னு வானூர்ப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். அதே எரிச்சல்தான். கஷ்டமான லெவல்ல ஆடினா அங்கங்க கிடக்கற துணை வேலைகளையும் தேடித்தேடி முடிக்கணும், இல்லன்னா மிஷன் முடியாது. அது சும்மா இழுத்தடிப்புன்னுதான் எனக்குத் தோணும்.

பெரிய குறை, ரெண்டு பேர் சேர்ந்து ஆட வழியே இல்லை. கோல்டன்ஐ வந்து ஒன்பது வருஷம் கழிச்சு இப்படி! மணிக்கு இவ்ளோன்னு காசு வாங்கற பாண்டி கேம் கடைகள்ல இது நிஜமான பிரச்சனை. உள்ளூர்லேர்ந்து மூணு பேர் காசைச் சேர்த்துக்கிட்டுப் போனா ஆடறது ஒருத்தன். அதனால ஒரு சட்டம் தானா உருவாச்சு: செத்தா கன்ட்ரோலரைக் கொடு. இதுல வேடிக்கை என்னன்னா, பக்கத்துல உக்காந்து பார்க்கறவனுக்கும் இந்த கேம் போரடிக்காது. இடிஞ்சு விழற கட்டடமும் அந்தச் சத்தமும் அவனுக்கும் சேர்த்துதான். கேம் கடையில மத்த டிவிக்காரங்களும் திரும்பிப் பார்ப்பாங்க. படம் மாதிரி செய்யணும்னு நினைச்சவங்க ரெண்டாவது ஆளை ரசிகனாவே விட்டுட்டாங்கன்னு நினைக்கிறேன். மணிக்கணக்குல காசு கொடுத்தவனுக்குத்தான் அந்த செக்பாயின்ட் தூரம் வயித்தெரிச்சல்.

கதை? ஜாக் கெல்லர்னு ஒரு ரகசியப் படை ஆள், அவனை உக்கார வெச்சு விசாரிக்கிறாங்க. நடுநடுவுல நிஜ நடிகர்களை வெச்சு எடுத்த அந்தக் காட்சி வரும். களம் ரஷ்யாவோட இங்குஷேத்தியா. பக்கத்து செச்னியாவில 1999ல ஆரம்பிச்ச ரெண்டாவது போர் அப்பவும் முடியலை. அந்த ஊர்க்காரங்களைப் பத்தி கேமுக்கு துளி அக்கறை கிடையாது, சுவர் இருக்கா, இடி, அவ்ளோதான். இது எனக்கு அப்பவும் உறுத்தல், இப்பவும் உறுத்தல். கடைசியில வில்லன் லெனக்ஸ் சாகலைன்னு சொல்லி, கெல்லரும் செத்துட்டதா கணக்குக் காட்டி அவனைத் தேட அனுப்பப் போறதா முடிப்பாங்க. அடுத்த பாகத்துக்குப் போட்ட துண்டு.

அடுத்த பாகம் வரவே இல்லை. கிரைட்டீரியன் திரும்ப கார் பக்கம் போய் நீட் ஃபார் ஸ்பீட் செய்ய ஆரம்பிச்சுது. பிளாக்கை வடிவமைச்சவங்கள்ல ஒருத்தரான ஸ்டூவர்ட் பிளாக், கோட்மாஸ்டர்ஸ் கம்பெனியில பாடிகவுன்ட்னு ஒண்ணை ஆரம்பிச்சு, முடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டார். 2011ல அது வந்தது, எடுபடலை. அதுலயும் சுவர் இடியும், ஆனா அந்தக் குரல்கள் இல்லை.

பிஎஸ்2 தயாரிப்பை சோனி நிறுத்தினது 2013 ஜனவரியில தெரிஞ்சுது. எக்ஸ்பாக்ஸ் ஒன்ல பழைய எக்ஸ்பாக்ஸ் கேம்களை ஓட்ட 2017 அக்டோபர்ல வழி செஞ்சப்போ முதல் 13ல பிளாக்கும் இருந்தது. ஆடறவங்க ஹெட்போன் போட்டு ஆடுங்க. முதல் மிஷன், வெப்லென்ஸ்க் தெரு. எதிரி எங்க இருக்கான்னு கண்ணால தேடாதீங்க, மூணு குரல் வித்தியாசமா கேக்குதான்னு பாருங்க.